ஒட்டும் இடம் தெரியட்டும்: கற்பனைப் பன்னாட்டு விண்படையை அமைப்பது எப்படி?

அறிவியல் புனைவுப் போர்விளையாட்டுக்குள் வருகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே சொந்தமாக ஒரு விண்படை வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் கூட்டுப்படை என்றால் ஆசை இன்னும் கூடும். பல வடிவக் கப்பல்கள், பல வண்ணங்கள், பல மொழிப் பெயர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் கூட்டுப்படையில் நான்கு நாடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி, தனி வண்ணம், இரண்டு பக்க வரலாறு. மேசையில் இறக்கி விளையாடியபோது, மூன்றாவது சுற்றிலேயே எதிரே இருந்த நண்பர் எந்தக் கப்பல் எந்த நாட்டுடையது என்று கவனிப்பதை விட்டுவிட்டார். கவனிக்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. எல்லாக் கப்பல்களும் ஒரே மாதிரி நகர்ந்தன, ஒரே மாதிரி சுட்டன, ஒரே தளபதியின் சொல்லைக் கேட்டன. வண்ணத்தைத் தவிர அங்கே நான்கு நாடுகள் இல்லை.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி இது: நாடுகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், அவை ஒன்றோடொன்று எங்கே ஒட்டுகின்றன என்று யோசிக்க வேண்டும். யார் ஆணையிடுகிறார், எந்த மொழியில், யாருடைய குண்டு யாருடைய பீரங்கிக்குப் பொருந்தும், யார் எப்போது "எங்களால் முடியாது" என்று சொல்லலாம். கூட்டுப்படையின் குணம் முழுவதும் அந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது.

போர்விளையாட்டே புதிது என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வரைபடமோ மேசையோ இருக்கும். அதன்மேல் படைகளைக் குறிக்கும் மினியேச்சர்களோ (சிறு பொம்மை உருவங்கள்) அட்டைத் துண்டுகளோ இருக்கும். யார் எவ்வளவு நகரலாம், எப்போது சுடலாம் என்பதற்கு விதிகள் உண்டு. விளைவை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட முடியாதபடி பகடையும் உண்டு. 1824-இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட விளையாட்டு இன்றைய போர்விளையாட்டுகளுக்கு முன்னோடி. அதில் ஆட்டக்காரர் காயைத் தானே நகர்த்துவதில்லை. ஆணையை எழுதி நடுவரிடம் கொடுப்பார். ஆணை போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று நடுவர் பார்த்து, அதன்படி படையை நகர்த்துவார். ஆணைக்கும் செயலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி நமக்கு மிகவும் பயன்படும்.

அந்த இடைவெளி எவ்வளவு கொடுமையாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் உண்மைச் சண்டையைப் பார்க்கலாம். 1942 பிப்ரவரி 27, ஜாவாக் கடல். டச்சு, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, அமெரிக்கக் கப்பல்கள் சேர்ந்த ஒரு படை ஜப்பானியரைத் தடுக்கப் போகிறது. 5 குரூசர்கள் (பெரிய போர்க்கப்பல்கள்), 9 நாசகாரிகள் (அவற்றைவிடச் சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்). தலைமை டச்சுத் தளபதி கரெல் டோர்மன். இந்தக் கப்பல்கள் ஒரே அணியாகப் பயிற்சி செய்யவில்லை. எல்லோருக்கும் பொதுவான சமிக்ஞைப் புத்தகம்கூட இல்லை. டோர்மன் டச்சு மொழியில் சொல்ல, அவர் கப்பலில் இருந்த அமெரிக்கத் தொடர்பு அதிகாரி அதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. சண்டையின் நடுவே பிரிட்டிஷ் குரூசர் எக்ஸிட்டர் அடிபட்டு வரிசையிலிருந்து திரும்பியது. பின்னால் வந்த கப்பல்கள், திரும்பச் சொல்லி ஆணை வந்துவிட்டது என்று நினைத்துத் தாங்களும் திரும்பின. வரிசை குலைந்தது. அன்றிரவு டோர்மனின் கப்பல் டார்பிடோ தாக்கி மூழ்கியது, அவரும் இறந்தார்.

தோல்விக்கு இது மட்டும் காரணமில்லை. ஜப்பானியரின் டார்பிடோக்கள் மிக நீண்ட தூரம் பாய்ந்தன, நேச நாட்டுப் படைக்கு வான்காப்பும் இல்லை. ஆனால் எக்ஸிட்டர் திரும்பிய அந்தச் சில நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே துணிச்சலிலோ திறமையிலோ யாருக்கும் குறையில்லை. ஒட்டு பிய்ந்தது, அவ்வளவுதான். அந்த நிமிடங்களை உங்கள் மேசையில் கொண்டுவர முடிந்தால் கூட்டுப்படை உயிர்பெற்றுவிடும்.

முதலில் ஒப்பந்தம்

கப்பலைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் ஐந்தே வரியில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். எதற்காகச் சேர்ந்தார்கள், யார் தலைமை, தலைமை விழுந்தால் அடுத்து யார், எந்த மொழியில் ஆணை, எந்தச் சூழ்நிலையில் ஒரு நாடு விலகிக்கொள்ளலாம். கப்பல் அட்டைகளும் (ஒவ்வொரு கப்பலின் திறனையும் குறித்து வைக்கும் அட்டைகள்) விதிகளும் இதிலிருந்துதான் பிறக்கப் போகின்றன. அதனால் இரண்டு பக்க வரலாற்றைவிட இந்த ஐந்து வரி அதிகம் வேலை செய்யும்.

தலைமை விஷயத்தில் உண்மை உலகம் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. நேட்டோவில் ஐரோப்பாவுக்கான உச்சத் தளபதி, 1951-இல் ஐசன்ஹோவர் தொடங்கி, எப்போதும் ஓர் அமெரிக்க அதிகாரிதான். பலம் எங்கே இருக்கிறதோ அங்கே தலைமை. 2009-இல் கடற்கொள்ளையரை ஒடுக்க உருவான 151-ஆம் கூட்டுப் பணிப்படையில் தலைமை நாட்டுக்கு நாடு சுற்றி வருகிறது. இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் படையின் சாயல் மாறிவிடும். ஒரு பெரிய நாடும் அதன் நிழலில் சில சிறிய நாடுகளும் இருக்கும் படை ஒரு மாதிரி. யாரும் யாருக்கும் கீழில்லை என்று முறைவைத்துத் தலைமை தாங்கும் படை வேறு மாதிரி.

இன்னொரு கேள்வி, நாடுகள் எந்த மட்டத்தில் கலக்கின்றன என்பது. படைக்குள் கலக்கின்றனவா, ஒரே கப்பலுக்குள்ளேயே கலக்கின்றனவா? பெரும்பாலான கூட்டுக் கடற்படைகளில் ஒவ்வொரு கப்பலும் முழுக்க ஒரு நாட்டுடையது. ஆனால் 1964, 65-இல் அமெரிக்க நாசகாரி கிளாட் வி. ரிக்கெட்ஸில், பல நேட்டோ நாடுகளின் மாலுமிகளை ஒன்றாக வைத்துக் கப்பலை ஓட்ட முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள். நேட்டோவின் அவாக்ஸ் ரேடார் விமானங்களில் இன்றும் பல நாட்டவர் ஒரே விமானத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அந்த விமானங்கள் பதிவானது, சொந்தமாகப் போர் விமானங்களே இல்லாத லக்சம்பர்க்கில். இந்த விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் படையின் பெரிய தாய்க்கப்பல் கூட்டணியிலேயே மிகச் சிறிய உறுப்பினரின் பெயரில் பதிவாகியிருந்தால், அது மூழ்கும்போது சட்டப்படி யாருடைய கப்பல் மூழ்குகிறது? அந்த ஒரு கேள்வியை வைத்தே ஓர் ஆட்டத்தின் பின்னணியை எழுதிவிடலாம்.

மொழிக்கு நான் திரும்பத் திரும்பப் போவது பழைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையிடம். அதில் பத்துக்கும் மேற்பட்ட மொழி பேசுவோர் இருந்தார்கள். அணிவகுப்பு, சுடு, நில் போன்ற ஏறத்தாழ 80 ஆணைச் சொற்கள் மட்டும் எல்லோருக்கும் ஜெர்மனில். மற்றபடி ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தன் வீரர்களின் மொழியில் பேசும், அதிகாரிதான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இதிலிருந்து அழகான விதி ஒன்று கிடைக்கிறது. நகர், சுடு, பின்வாங்கு போன்ற பொதுப் பட்டியலில் உள்ள எளிய ஆணைகள் எந்த நாட்டுக் கப்பலுக்கும் தடையில்லாமல் போகும். பட்டியலில் இல்லாத சிக்கலான ஆணைக்கு, உதாரணமாக "அவன் ஏவுகணையை ஏவும்வரை காத்திருந்து பிறகு பின்னால் சுற்றி வா" என்பதற்கு, பகடை போட்டுப் பார்க்க வேண்டும்.

சிவப்பு அட்டை

எந்த நாடும் தன் படையை முழுதாக வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுவதில்லை. ஆப்கானிஸ்தானில் நேட்டோ தலைமையில் இருந்த படையில், பல நாடுகள் தங்கள் வீரர்களை எந்தப் பகுதிக்கு அனுப்பலாம், எந்த வேலைக்கு அனுப்பக்கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தன. கூட்டு வான்தாக்குதல்களில் ஒவ்வொரு நாட்டின் சார்பிலும் ஒருவர் இருப்பார். தன் நாட்டுச் சட்டத்துக்கோ கொள்கைக்கோ ஒவ்வாத இலக்கு என்றால் "எங்கள் விமானம் வராது" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவரைச் சிவப்பு அட்டை வைத்திருப்பவர் என்றே அழைப்பார்கள். 1999 ஜூனில், கொசோவோவின் பிரிஸ்டினா விமான நிலையத்துக்கு ரஷ்யப் படை முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஓடுபாதையை மறிக்கச் சொன்னார் நேட்டோ உச்சத் தளபதி, அமெரிக்கரான வெஸ்லி கிளார்க். களத்தில் இருந்த பிரிட்டிஷ் தளபதி மைக் ஜாக்சன் மறுத்தார். ஆணை நிறைவேறவில்லை.

விண்வெளிக்கு வந்தால் இதில் ஒளியின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. நிலவுக்குச் செய்தி போக ஏறக்குறைய 1.3 நொடி. செவ்வாய்க்கு, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம், அதுவும் ஒரு வழிக்கு. அப்படியென்றால் நிலவுக்குப் பக்கத்தில் நடக்கும் சண்டையில் தலைநகரத்து அமைச்சர் சண்டை நடக்கும்போதே குறுக்கிட முடியும். செவ்வாய்க்குப் பக்கத்தில் அது நடக்காது. அங்கே சிவப்பு அட்டையோடு ஓர் ஆளைக் கப்பலிலேயே அனுப்பி வைக்க வேண்டும். அவர் தன் நாட்டுக்காகத் தனியாக முடிவெடுப்பார், பதில் அவருடைய தலைநகரத்திலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சண்டை எங்கே நடக்கிறது என்பதை வைத்தே கூட்டணியின் அரசியல் மாறுவதை இதைவிட இயல்பாக மேசையில் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

சிவப்பு அட்டையைப் பகடையின் தண்டனையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். திடீரென்று 1 விழுந்ததால் ஒரு கப்பல் ஓடிப்போனால் ஆட்டக்காரருக்கு எரிச்சல்தான் வரும். நிபந்தனை முன்பே எழுதப்பட்டு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் தளபதியாக இருப்பவர் அதை மனதில் வைத்துத் திட்டம் போடுவார், எதிரி அதைக் குறிவைத்து அடிப்பார்.

பொருந்தாத குழாய்கள்

கருவிகளின் ஒட்டுக்கு நமக்குக் கிடைத்துள்ள உண்மைக் கதைகள் அருமையானவை. 1975 ஜூலையில் அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயுஸும் விண்ணில் இணைந்தன. அப்பல்லோவுக்குள் இருந்தது குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜன். சோயுஸுக்குள் தரையில் நாம் சுவாசிப்பது போன்ற நைட்ரஜன் கலந்த காற்று. கதவைத் திறந்து அப்படியே அந்தப் பக்கம் போய்விட முடியாது. அதற்காகவே நடுவில் ஓர் இணைப்புக் கூண்டு செய்து, அதில் அழுத்தத்தைச் சரிசெய்த பிறகே கடந்தார்கள். இணைப்புக் கருவியிலும் ஒரு நுட்பம் உண்டு. அதுவரை ஒரு கப்பல் நுழையும், மற்றது வாங்கிக்கொள்ளும். இரண்டு வல்லரசுகளில் யார் வாங்கிக்கொள்ளும் பக்கமாக இருப்பது? அதனால் இரண்டு பக்கமும் ஒரே அமைப்பாக, எது வேண்டுமானாலும் முன்கை எடுக்கலாம் என்ற கருவியைச் செய்தார்கள். முதல் இணைப்பில் அப்பல்லோ முன்கை எடுத்தது, இரண்டாவதில் சோயுஸ்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இதே கதைதான். 15 நாடுகள் 1998-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அதற்கு அடிப்படை. அமெரிக்கப் பகுதியில் மின்சாரம் 120 வோல்ட், ரஷ்யப் பகுதியில் 28 வோல்ட், நடுவில் மாற்றிகள். நிலையம் பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்த பாதையில் சுற்றுவது, பைக்கனூரிலிருந்து ஏவும் ரஷ்ய ராக்கெட்டுகளும் அதை எட்ட வேண்டும் என்பதற்காக. அதாவது சுற்றுப்பாதையே ஓர் உடன்பாடு. உங்கள் கூட்டுப்படையின் தளம் எங்கே சுற்றுகிறது என்று முடிவு செய்யும்போது, யாருக்கு அது வசதி, யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அளவு முறையும் இப்படித்தான். ஒரே நாட்டுக்குள்ளேயே அது 1999-இல் ஒரு விண்கலத்தைக் காவு வாங்கியது. செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டருக்கான கணக்கில், ஒரு மென்பொருள் பவுண்டு அலகிலும் மற்றது நியூட்டன் அலகிலும் உந்துவிசையைக் கணக்கிட்டன. கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கி அழிந்தது.

இவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் மேசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விதியாக்கினால் ஆட்டம் கணக்குப் பாடமாகிவிடும். எனக்குப் பிடித்தவை இரண்டு: சின்ன ஏவுகணைகள் எல்லோருக்கும் பொது, பெரியவை அந்தந்த நாட்டுக் கப்பலுக்கு மட்டும் பொருந்தும். பழுது பார்க்கும் குழு தன் நாட்டுக் கப்பலுக்கு ஒரு சுற்றில் போய்விடும், வேறு நாட்டுக் கப்பலுக்கு அழுத்தம் சரிசெய்ய இன்னொரு சுற்று காத்திருக்க வேண்டும்.

ஒரு மாதிரிப் படை

சரி, இனி ஒன்றைக் கட்டிப் பார்ப்போம். எல்லாம் கற்பனை. புவி நாடுகளிடம் பழைய, கனத்த கப்பல்கள் 3. நிலவு நகரங்களிடம் ஆள் குறைவு, கருவி அதிகம். கூர்மையான உணரிகள் கொண்ட கப்பல்கள் 2. சிறுகோள் சுரங்கத்தாரிடம் வேகமான, மெலிந்த கப்பல்கள் 3. மொத்தம் 8. செவ்வாய் வழித்தடத்தைக் காக்கச் சேர்ந்திருக்கிறார்கள். தலைமை புவி நாடுகளுக்கு, அது விழுந்தால் நிலவு நகரங்களுக்கு.

ஒவ்வொரு சுற்றிலும் தளபதிக்கு 9 ஆணைப் புள்ளிகள். தன் நாட்டுக் கப்பலுக்கு ஆணையிட 1 புள்ளி, வேறு நாட்டுக் கப்பலுக்கு 2. கணக்குப் போட்டுப் பாருங்கள். புவிக் கப்பல்கள் மூன்றுக்கும் 3 புள்ளி போனால், மீதி 6 புள்ளியில் மற்ற மூன்று கப்பல்களுக்குத்தான் ஆணையிட முடியும். இரண்டு கப்பல்கள் ஆணையில்லாமல் நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? விண்வெளியில் எதுவும் நிற்காது. ஆணை கிடைக்காத கப்பல் போன சுற்றில் போன அதே திசையில் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். விண்கப்பல்களுக்கு இந்த நகர்வு முறை இயல்பானது, ஒட்டு பிய்வதையும் அதுவே கண்ணுக்குக் காட்டிவிடும்.

இப்போது ஆட்டக்காரருக்கு இரண்டு தொடர்பு அதிகாரிகளைக் கொடுங்கள். ஆட்டம் தொடங்குமுன் எந்த இரண்டு அயல் கப்பல்களில் அவர்களை ஏற்றுவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கப்பல்களுக்கு ஆணை 1 புள்ளிதான். இப்போது 7 கப்பல்கள் நகரும், ஒன்று மட்டும் மிதந்து போகும். எந்த ஒன்று என்பதுதான் ஒவ்வொரு சுற்றிலும் தளபதியின் தலைவலி.

அப்புறம் தலைமைக் கப்பல் அடிபட்டு அழிகிறது என்று வையுங்கள். ஒப்பந்தப்படி தலைமை நிலவு நகரங்களுக்குப் போகிறது. பழைய தொடர்பு அதிகாரிகள் புவி நாட்டவர், புதிய தளபதிக்கு அவர்களால் பயனில்லை. நிலவுக் கப்பல்கள் இரண்டுக்கும் 2 புள்ளி, மீதி 7-இல் மூன்று கப்பல்கள். மிஞ்சிய ஏழில் ஐந்துதான் நகரும். ஒரு கப்பலை இழந்தார்கள், ஆனால் வலி இரண்டு கப்பல்களை இழந்தது போல இருக்கும். எதிரி தலைமைக் கப்பலைக் குறிவைக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

சிவப்பு அட்டை ஆளுக்கு ஒன்று. நிலவு நகரங்களுக்கு ஆள் குறைவு என்று சொன்னோம், அதனால் அவர்களின் ஏதாவது ஒரு கப்பல் பாதிக்கு மேல் சேதமானால் அட்டையைக் காட்டி அதைச் சண்டையிலிருந்து விலக்கலாம். சுரங்கத்தார், பொதுமக்கள் வாழும் நிலையத்தின்மேல் சுட மறுக்கலாம். புவி நாடுகள் என்ன செய்யும் என்பதை நீங்களே எழுதுங்கள். மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு விளையாடினால் அட்டை அவரவர் கையில் இருக்கட்டும். ஆட்டத்தின் சிறந்த நிமிடங்கள் அப்போதுதான் கிடைக்கும்.

இவ்வளவு தடைகளைப் போட்டபின் ஒரு நியாயம் செய்ய வேண்டும். கூட்டுப்படைக்கு நன்மையும் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் யாரும் அதை எடுத்து விளையாட மாட்டார்கள். விலைப் புள்ளியில் (படைக்குக் கப்பல் எடுக்கச் செலவாகும் புள்ளிகளில்) தள்ளுபடி கொடுப்பது சுலபமான வழி, எனக்கு அது பிடிப்பதில்லை. ஏன் நாடுகள் கூடுகின்றனவோ அந்தக் காரணத்தையே நன்மையாக்குங்கள். நிலவுக் கப்பலின் உணரி கண்ட இலக்கைப் புவிக் கப்பலின் நீண்ட தூர ஏவுகணை தாக்கலாம். சுரங்கத்தாரின் சிறுகோள் தளங்களில் எல்லோரும் எரிபொருள் நிரப்பலாம். தனி ஒரு நாட்டிடம் இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்காது.

வண்ணம் பூசுவதைப் பற்றி ஒன்று மட்டும். 1956-இல் சூயஸ் நெருக்கடிக்கு ஐ.நா. அவசரப்படை போனபோது, வீரர்கள் அவரவர் நாட்டுச் சீருடையில்தான் இருந்தார்கள். தூரத்திலிருந்து அடையாளம் தெரிய, தலைக்கவச உள்ளுறைகளுக்கு நீல வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். மினியேச்சருக்கும் அது போதும். ஒவ்வொரு நாட்டுக் கப்பலையும் அதன் வண்ணத்திலேயே விட்டுவிட்டு, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், உதாரணமாக மூக்கில், ஒரே நிறப் பட்டை. பிற்பாடு சேர்ந்த நாட்டின் கப்பலில் அந்தப் பட்டை மட்டும் புதிதாகப் பளபளக்கட்டும்.

இரண்டு ஆட்டம் விளையாடிவிட்டு, எதிரே இருந்தவரிடம் எந்தக் கப்பல் எந்த நாடு என்று கேளுங்கள். கப்பல் அட்டையைப் பார்க்காமல் சொல்லிவிட்டால் படை தயார். சொல்ல முடியவில்லை என்றால் புதிய விதி சேர்க்க ஓடாதீர்கள். இருக்கும் விதிகளில் எது ஒருமுறைகூடப் பயன்படவில்லை என்று பார்த்து அதை எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் மற்றவை துலங்க ஆரம்பிக்கும்.

தொடர் ஆட்டமாகக் கொண்டுபோக நினைத்தால், சண்டைக்கு அடுத்த நாளிலிருந்து தொடங்குங்கள். சேதமான நிலவுக் கப்பல் ஒன்று புவி நாடுகளின் தளத்துக்கு வருகிறது. மின்சாரம் பொருந்தவில்லை, உதிரிபாகம் கிடங்கில் இல்லை. மாற்றியை யார் செலவில் செய்வது என்று நாம் எழுதிய ஐந்து வரி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. மூன்று ஆட்டக்காரர்களையும் உட்காரவைத்து ஆறாவது வரியை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதி முடிக்கும்வரை அந்தக் கப்பல் தளத்திலேயே கிடக்கட்டும்.